புது டேப்லெட்டும் ஒரு பழைய விடைத்தாளும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். நடுவில் கணக்கு வரும். பயந்து ஓட வேண்டாம், இப்போது யாரும் உங்களை பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லப்போவதில்லை.

போன மாதம் என் கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. ஏழு வருடம் உழைத்த ஜீவன். மகள் உடனே ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். "எழுத்து பெரிசாத் தெரியும்ப்பா, கண்ணுக்கு நல்லது" என்றாள். பழைய கணக்கின் கடவுச்சொல் நினைவில்லை. அதை எழுதி வைத்திருந்ததும் அந்தக் கைபேசியில்தான். ஆகவே எல்லாமே புதுக் கணக்கு.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் வீடியோ பார்க்கலாம் என்று திறந்தால், எனக்குச் சம்பந்தமே இல்லாத உலகம். ஒரு பக்கம் சினிமா டிரெய்லர். ஒரு பக்கம் அண்டா பிரியாணியை ஒரே ஆளாகச் சாப்பிடும் போட்டி. இன்னொரு பக்கம் இரண்டு பேர் கத்திக்கொண்டு அரசியல். பழைய கைபேசியில் திறந்ததுமே நாதஸ்வரக் கச்சேரி வரும், வடிவியல் புதிர் வரும், மாடித்தோட்டத்துக் கத்தரிக்குப் பூச்சி விரட்டச் சொல்லித்தரும் ஒரு விவசாயி வருவார். நாற்பது வருடமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் அண்ணாச்சி இல்லாமல், புதிதாக வந்த பையன் "யார் சார் நீங்க, என்ன வேணும்?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் பேசினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. யாரென்று கண்டுபிடிப்பவர்களும் கமெண்டில் எழுதாதீர்கள். இந்த மாதிரிப் பரிந்துரை செய்யும் நிரல்களை எழுதுவதுதான் அவருடைய வேலை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார்.

"சார், இதுக்கு எங்க தொழில்ல கோல்ட் ஸ்டார்ட்னு பேரு. எஞ்சின்கிட்டேர்ந்து வந்த பேருதான். மார்கழி மாசம் காலையில உங்க ஸ்கூட்டர் என்ன பாடு படுத்தும்? சோக்கை இழுத்து, பத்து உதை உதைச்சு, அப்பவும் இருமிக்கிட்டுத்தான் கிளம்பும். ஒருதடவை சூடாயிட்டா அப்புறம் ஒரே உதை. உங்க டேப்லெட் இப்ப சில்லுனு கிடக்கு சார்."

என் ஸ்கூட்டரைப் பள்ளிக்கூட வாசலில் தள்ளிவிட்டவர்களில் அவரும் ஒருவர். உவமை அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது. பிறகு ஒன்றரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். நான் மாணவனாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு பெரிய கட்டம் போட்ட தாளை நினைத்துக்கொள்ளுங்கள், நம் வருகைப் பதிவேடு மாதிரி. இடப்பக்கம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஆள். மேலே ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சினிமா. ஆள் அந்தப் படத்தைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் அந்த எண் இருக்கும். இல்லையென்றால் காலி. பரிந்துரை என்பது என்ன? காலிக் கட்டங்களில் என்ன எண் வரும் என்று ஊகிப்பது. உங்கள் வரிசையைப் போலவே இருக்கும் வேறு வரிசைகளைத் தேடி, அவர்கள் ரசித்ததில் நீங்கள் பார்க்காததை உங்களுக்குக் காட்டுவது. அவ்வளவுதான் அடிப்படை.

2006-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இப்படி ஒரு கட்டத்தாளை வெளியிட்டு, தங்கள் ஊகத்தைவிட 10 சதவீதம் துல்லியமாக ஊகிப்பவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. 2009-ல் ஒரு குழு அதை வென்றது. அந்தத் தாளில் 4,80,189 ஆட்கள், 17,770 படங்கள். பெருக்கிப் பாருங்கள், சுமார் 853 கோடிக் கட்டங்கள். அதில் எண் இருந்தவை பத்துக் கோடிச் சொச்சம். அதாவது நூறு கட்டத்துக்கு ஒரு கட்டம்தான் நிரம்பியிருந்தது. மீதி 99-ஐ அந்த ஒன்றை வைத்து ஊகிக்க வேண்டும். அதையே செய்துவிட்டார்கள்.

ஆனால் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால்? அவர் வரிசை முழுக்கக் காலி. எந்த வரிசையோடு ஒப்பிடுவது? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். என் டேப்லெட்டுக்கு நேர்ந்தது அதுதான். படத்துக்கும் இதே கதி உண்டு. நேற்று வந்த புதுப்படத்தின் பத்தி முழுக்கக் காலி. யாரும் மதிப்பெண் போடாததால் யாருக்கும் காட்டமாட்டார்கள், யாருக்கும் காட்டாததால் யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். "அனுபவம் இருக்கா?" என்று கேட்டு வேலை தராத கம்பெனிகளிடம் அலைந்த உங்களில் பலருக்கு இது நன்றாகவே புரியும்.

இதற்கு என்ன வைத்தியம் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னார்.

முதல் வைத்தியம், ஊருக்கெல்லாம் பிடித்ததைக் காட்டுவது. வெளியூர்க்காரன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி "எங்கே சாப்பாடு நல்லாருக்கும்?" என்று கேட்டால், கூட்டம் நிற்கும் கடையைக் கைகாட்டுவோம் இல்லையா, அது. அண்டா பிரியாணி எனக்கு வந்தது இப்படித்தான். தப்பில்லை, ஆனால் யாருக்கும் உரித்தானதும் இல்லை.

இரண்டாவது, நேரடியாகக் கேட்டுவிடுவது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1997 முதல் மூவிலென்ஸ் என்று ஒரு ஆராய்ச்சித் தளம் நடத்துகிறார்கள். அதில் சேருகிறவர் முதலில் 15 படங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எந்தப் படங்களைப் பற்றிக் கேட்பது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. 2002-ல் அதைத் தனியாக ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். எல்லோருக்கும் பிடித்த படத்தைக் கேட்டால் எல்லோரும் 5 போடுவார்கள், அதிலிருந்து இந்த ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாரும் பார்க்காத படத்தைக் கேட்டால் "பார்க்கவில்லை" என்றுதான் பதில் வரும், அதுவும் வீண். பலரும் பார்த்திருக்க வேண்டும், ஆனால் பார்த்தவர்கள் கருத்து இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட படத்தைக் கேட்டால்தான் ஆள் பிடிபடுவார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜூன் மாதம் புது வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு வாத்தியாருக்கும் இது தெரியும். ஒன்பதாம் வகுப்பில் போய் "ஏழெட்டு எவ்வளவு?" என்றால் எல்லாக் கையும் உயரும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைக் கேட்டால் ஒரு கையும் உயராது. பாதிக் கை உயர்கிற கேள்விதான் நல்ல கேள்வி. "மைனஸ் மூன்றின் வர்க்கம் என்ன, மூன்றின் வர்க்கத்துக்கு மைனஸ் போட்டால் என்ன?" என்று நான் முதல் நாளே கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்காகத்தான்.

மூன்றாவது வைத்தியத்தை அவர் சொன்னபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

1979-ல் எலெய்ன் ரிச் என்ற அம்மையார் 'க்ரண்டி' என்று ஒரு கணினி நிரல் எழுதினார். அது நூலகர் மாதிரி. வருகிறவரிடம் "உங்களைப் பற்றிச் சில சொற்களில் சொல்லுங்கள்" என்று கேட்கும். அவர் சொல்லும் சொற்களை வைத்து, "ஓ, இவர் இந்த மாதிரி ஆள்" என்று ஏற்கனவே செய்து வைத்திருக்கும் அச்சுகளில் ஒன்றிலோ சிலவற்றிலோ பொருத்தும். அந்த அச்சுக்குப் பிடிக்கும் நாவலை எடுத்து நீட்டும். ஆளைத் தெரியாவிட்டால், ஆளுடைய வகையை வைத்து ஊகிப்பது. இன்றைக்கும் வயது, ஊர், மொழி, கையில் இருக்கும் போன் என்று பார்த்து இதையே செய்கிறார்களாம்.

"இதுல ஆபத்து இருக்கு சார்" என்றார். "ஆளைப் பத்தி ஒண்ணும் தெரியாதப்ப, அவங்க வகையைப் பத்தி நமக்கு இருக்கற அபிப்பிராயம்தான் பேசும்."

நான் பதில் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் இரண்டு முறை "சார், சார்" என்றார். எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டான். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், தலைமையாசிரியர் ஒரு பையனை அழைத்துவந்து விட்டார். பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையில் கல் அறுக்க வந்தவர்கள். கையில் டி.சி. மட்டும் இருந்தது. அரையாண்டு மதிப்பெண் கிடையாது, பழைய நோட்டு கிடையாது. என் பதிவேட்டில் அவன் வரிசை முழுக்கக் காலி.

நான் என்ன செய்தேன்? சட்டையைப் பார்த்தேன். டி.சி.யில் இருந்த ஊரைப் பார்த்தேன். அப்பா தொழிலைக் கேட்டேன். அதற்கு முந்தைய வருடங்களில் சூளையிலிருந்து வந்து, பாதியில் நின்றுபோன இரண்டு பையன்களை நினைத்துக்கொண்டேன். "பின்னாடி போய் உட்காருப்பா" என்றேன். கடைசி பெஞ்சில் அவன் மட்டும் தனியாக.

திட்டவில்லை, அடிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அவனை நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறவன், இவனுக்காக மெனக்கெடுவானேன் என்ற எண்ணம். மைனஸ் மூன்றின் வர்க்கத்தைக் கூட அவனிடம் கேட்கவில்லை.

ஆண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு. 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 22.5 செ.மீ. கனம் உள்ள சுவர். செங்கல்லின் அளவு 22.5, 11.25, 7.5 செ.மீ. எத்தனை செங்கல் வேண்டும்? நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது உங்களுக்குத் தெரியும். சுவரின் கன அளவு கண்டுபிடி, செங்கல்லின் கன அளவு கண்டுபிடி, வகு. பெரிய பெரிய எண்கள் வரும், பாதிப் பேர் புள்ளி வைப்பதில் கோட்டை விடுவார்கள்.

இவன் மூன்றே வரி எழுதியிருந்தான். நீளத்துக்கு 40 கல். உயரத்துக்கு 40 வரி. கனத்துக்கு 2 கல். மொத்தம் 3200.

விடை சரி. சூத்திரம் இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "எவனையோ பார்த்து எழுதியிருக்கிறான்." விடைக்கு மட்டும் 2 போட்டு, மூன்றைக் கழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவன் யாரைப் பார்த்து எழுதியிருப்பான் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் இல்லை. மழைக்கு முன் சூளை வேலை முடிந்துவிடும், குடும்பத்தோடு போய்விட்டார்கள். "நினைத்தேன்" என்று சொல்லிக்கொண்டே பெயரை அடித்தேன்.

நான்கைந்து வருடம் கழித்து நான் வீடு கட்டினேன். ஒருநாள் கொத்தனாரிடம், பின்பக்கச் சுவருக்கு எவ்வளவு கல் வேண்டியிருக்கும் என்று கேட்டேன். அவர் சுவர் இருக்கப்போகும் இடத்தைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணினார். "நீளத்துக்கு இத்தனை கல்லு, ஒசரத்துக்கு இத்தனை வரி, ஒம்போது இஞ்சு சொவருன்னா கனத்துக்கு ரெண்டு..." எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

அவன் முறை என் முறையைவிட நல்ல முறை. கன அளவை வகுத்தால் ஒரு எண் வரும், ஆனால் அந்தக் கற்கள் உடைக்காமல் அந்தச் சுவருக்குள் அடங்குமா என்று அது சொல்லாது. அவன் முறையில் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நான் கன அளவைப் பார்த்தேன், அவன் சுவரைப் பார்த்தான். அவன் அம்மாவும் அப்பாவும் அறுத்த கல் அது. அதை வகுப்பில் எழுந்து சொல்ல விட்டிருந்தால், அந்த வருடம் உங்கள் நாற்பது பேருக்கும் ஒரு பாடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். எனக்கும்.

இனி நான் சொன்ன அந்தக் கணக்கு. ஊகிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாத இடத்தில் ஏதோ ஓர் ஊகத்தோடுதான் யாரும் தொடங்க முடியும். அந்த ஊகத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். இதற்கு ஒரு வழி இருக்கிறது, சினிமாக்களை வரிசைப்படுத்தும் ஐ.எம்.டி.பி. தளத்தின் சிறந்த 250 படங்கள் பட்டியலில் பயன்படுத்திய சூத்திரமும் இதே மாதிரிதான். ஊரில் ஓட்டல்களின் சராசரி மதிப்பெண் 3.8 என்று வையுங்கள். புதிதாகத் திறந்த ஒவ்வொரு ஓட்டலுக்கும், யாரோ பத்துப் பேர் ஏற்கனவே 3.8 போட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இப்போது உண்மையாகவே ஒருவர் வந்து 5 போடுகிறார். 38-உம் 5-உம் 43, வகுத்தல் 11, சுமார் 3.9. ஒரே ஒருவர் புகழ்ந்ததற்காகத் தலையில் தூக்கி வைக்கவில்லை. இருபது பேர் வந்து 5 போட்டால்? 38-உம் 100-உம் 138, வகுத்தல் 30, 4.6. நம் கற்பனைப் பத்துப் பேரின் குரல் அமுங்கி, உண்மையாகச் சாப்பிட்டவர்களின் குரல் மேலே வந்துவிட்டது. ஆதாரம் சேரச் சேர ஊகம் தானாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் இந்தச் சூத்திரத்தின் அழகு.

அந்தக் க்ரண்டி கூட, "இந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளுமாம். 1979-ல் எழுதிய நிரலுக்கு இருந்த பணிவு எனக்கு இல்லை. அந்தப் பையன் விஷயத்தில் என் மனதுக்குள் உட்கார்ந்திருந்தது பத்துக் கற்பனை ஆட்கள் இல்லை, பத்தாயிரம் பேர். சரியான விடை ஒன்று கண்முன் வந்தபோதும் அதைக் காப்பி என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். அதோடு, கேள்வியே கேட்காமல் ஆதாரம் வரும் வழியையும் அடைத்துவிட்டேன்.

இதற்கும் அவர்கள் தொழிலில் ஒரு வைத்தியம் இருக்கிறது, நான்காவது. தெரிந்தது, பிடித்தது என்று நிச்சயமானதையே எப்போதும் காட்டிக்கொண்டிருக்காமல், கொஞ்சம் இடத்தைத் தெரியாததற்கு ஒதுக்குவது. இருபது இடத்தில் ஒன்றில் புதுசு ஒன்றைக் காட்டிப் பார்ப்பது. அது வீணாகவும் போகலாம், அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டால்தான் புதிதாக எதுவும் தெரியவரும். இந்த யோசனை கணினிக்கு முந்தியது. 1933-லேயே தாம்சன் என்பவர், இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று உறுதியாகத் தெரியாத நிலையில், நோயாளிகளை எப்படிப் பிரித்து அனுப்புவது என்று யோசித்து ஒரு வழி சொன்னார். இதுவரை தெரிந்ததை வைத்து எது மேலாக இருக்க எவ்வளவு வாய்ப்போ, அந்த விகிதத்தில் அனுப்பு என்றார். பின்தங்கியிருக்கும் சிகிச்சைக்கும் வாய்ப்பு உண்டு, அடியோடு கதவடைப்பு இல்லை. அதைத்தான் இன்று வீடியோவும் செய்தியும் காட்டப் பயன்படுத்துகிறார்களாம்.

ஒரு பாடவேளையில் நான் இருபது கேள்வி கேட்பேன். பத்தொன்பதை முதல் மூன்று பெஞ்சுக்கே கேட்டிருந்தாலும், ஒன்றைக் கடைசி பெஞ்சுக்குக் கொடுத்திருந்தால் மூன்று மாதத்தில் அவன் யாரென்று எனக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு சின்ன விலை.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். சிலர் நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறீர்கள். சிலர் வீட்டுக்குப் புது மருமகளோ மருமகனோ வந்திருக்கிறார்கள். எல்லோரிடமும் காலி வரிசைகள் வரும். வந்தால் சட்டையைப் பார்த்து நிரப்பாதீர்கள். பாதிக் கை உயர்கிற மாதிரி ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். பதில் வித்தியாசமாக இருந்தால் "எப்படிப் போட்டே?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பொங்கலுக்குப் பிறகு வந்து சேர்ந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவனோடு பேசிப் பழகியிருந்தவர்கள், இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் இருந்தால், பெயரை இங்கே எழுத வேண்டாம். எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். அவன் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். அவனுக்குச் சேர வேண்டிய மூன்று மதிப்பெண் என்னிடம் பாக்கி இருக்கிறது. நேரில் போய்க் கொடுக்க வேண்டும்.

டேப்லெட் இப்போது பரவாயில்லை. பத்து நாளில் நாதஸ்வரம் வந்துவிட்டது, கத்தரிக்காய் விவசாயியும் திரும்பி வந்துவிட்டார். நடுவில் ஒரு ஞாயிறு பேரன் வந்து இரண்டு மணி நேரம் கார்ட்டூன் பார்த்ததில், மூன்று நாளைக்கு என்னையும் ஐந்து வயதுப் பையன் என்று நினைத்துக்கொண்டிருந்தது. திட்டவில்லை. மறுபடி நாதஸ்வரத்தைப் போட்டேன். புரிந்துகொண்டது.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்